ஏற்காட்டுல எரிநட்சத்திரம் பாக்க ஆடியா, கத்திரியா?

அம்மாப்பேட்டை தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. "2026 ஆகஸ்ட் 12 ராத்திரி சம்மர் மீட்டியர் ஷவர், மணிக்கு 100 எரிநட்சத்திரம் விழும்னு பாக்கற வீடியோ எல்லாத்துலயும் சொல்றாங்க, ஏற்காட்டுல காட்டேஜ் புக் பண்ணி பசங்கள கூட்டிட்டு போலாம்னு இருக்கேன், லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல இருந்து நல்லா தெரியுமா, எத்தன மணிக்கு பாக்கணும், பைனாகுலர் வாங்கணுமா?"

தம்பி, மொதல்ல காட்டேஜுக்கு அட்வான்ஸ் கட்டிடாதீங்க. பைனாகுலர் தேவையில்ல. லேடீஸ் சீட் வேண்டவே வேண்டாம். மணிக்கு 100ங்கறது நம்ம கண்ணுல படற கணக்கும் இல்ல. ஒவ்வொண்ணா சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

அந்த வீடியோக்காரங்க சொல்ற சம்மர் அவங்க ஊரு, அதாவது அமெரிக்கா, ஐரோப்பா சம்மர். அங்க ஆகஸ்ட்டுல தான் லீவு, ராத்திரி வெளிய படுத்தா கதகதன்னு இருக்கும், அதனால பெர்சீட்ஸ்னு சொல்ற அந்த எரிகல் மழைய திருவிழா மாதிரி கொண்டாடறாங்க. நமக்கு ஆகஸ்ட் 12ன்னா ஆடி. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில வண்டி வேடிக்கை, சாயங்காலம் ஆனா மேகம் கூடி இடியோட மழை. சேலம் மாவட்டத்துல ஆகஸ்ட், செப்டம்பர் எல்லாம் நல்லா மழை பெய்யற மாசம், இதுல ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துல உக்காந்திருக்கு, கீழ நமக்கு மேகமா தெரியறது அங்க போனா மூஞ்சில வந்து மோதற மூடுபனி. 2015ல நானே ஏமாந்தேன், ஆகஸ்ட் 12, அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி, நாலு பேரு ரெண்டு பைக்குல கிளம்பி போனோம், இருபது கொண்டை ஊசி வளைவுல பதினஞ்சாவது தாண்டினதுமே ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல போகல, ஏரிகிட்ட மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, ராத்திரி பூரா ஒரு கடை வாசல்ல குளிர்ல ஒடுங்கி உக்காந்துட்டு, விடிஞ்சதும் இறங்கி வந்தோம். ஒரே ஒரு நட்சத்திரம் கூட பாக்கல, விழறது நிக்கறது ரெண்டும் சேர்த்து.

நம்ம ஊருக்குன்னு ஒரு கோடை எரிகல் மழை இருக்கு, அத யாரும் பெருசா பேசறதில்ல. கத்திரி மே 4 வாக்குல பொறக்குது இல்லையா, சரியா அதே சமயத்துல, மே 5, 6 தேதிங்கள்ல அது உச்சத்துல இருக்கும். பேரு ஈட்டா அக்வாரிட்ஸ். கும்ப ராசில ஈட்டான்னு ஒரு நட்சத்திரம், அது கிட்ட இருந்து கிளம்பற மாதிரி தெரியறதால அந்த பேரு. நம்ம பஞ்சாங்கத்து சதய நட்சத்திரம் அதுக்கு பக்கத்துலயே தான் இருக்கு, அதனால நான் வீட்ல சதயத்து மழைன்னு தான் சொல்லுவேன், என் பொண்ணும் அப்படியே பழகிட்டா.

இது ஹாலி வால் நட்சத்திரத்தோட தூசி. அந்த ஹாலி சுமாரா 76 வருஷத்துக்கு ஒருக்கா சூரியன சுத்தி வருது, வர்ற ஒவ்வொரு தடவையும் சூடுல உருகி தூசிய கொட்டிட்டு போகுது, அந்த தூசி பாதைய பூமி வருஷத்துல ரெண்டு தடவ கடக்குது, மே மாசம் ஒண்ணு, அக்டோபர் 21 வாக்குல ஒண்ணு. அக்டோபர்ல வர்றதுக்கு ஓரியோனிட்ஸ்னு பேரு, ஆனா அப்ப நமக்கு வடகிழக்கு பருவமழை, அத விடுங்க. 1986ல ஹாலி வந்தப்ப நான் அஞ்சாவது படிச்சிட்டு இருந்தேன், எங்க சார் விடியக்காலைல ஸ்கூல் மொட்டை மாடிக்கு கூப்பிட்டு சின்ன டெலஸ்கோப்புல காட்டினாரு, தலகாணில இருந்து பிஞ்சு விழுந்த பஞ்சு மாதிரி ஒண்ணு தெரிஞ்சுது, இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு அழுகையே வந்துடுச்சு. அடுத்து அது வர்றது 2061ல, அப்ப எனக்கு 85 வயசு. ஆனா அது எப்பவோ உதுத்துட்டு போன தூசிய வருஷா வருஷம் மே மாசம் பாத்துட்டு தான் இருக்கேன், அந்த பஞ்ச விட இது எவ்ளவோ மேல.

அடுத்த விஷயம், இந்த மழைய பாக்க அமெரிக்கா, ஐரோப்பாவ விட நம்ம ஊரு நல்ல இடம். கும்ப ராசில அந்த இடம் கிட்டத்தட்ட வான நடுக்கோட்டு மேல இருக்கு, சேலம் இருக்கறது 11.7 டிகிரி வடக்குல, அதனால அது நமக்கு நேர் கிழக்குல செங்குத்தா ஏறும். மே முதல் வாரம் ராத்திரி 2 மணி வாக்குல எழும்பும், நாலரை மணிக்கு 40 டிகிரி வரைக்கும் மேல வந்துடும், நமக்கு வெளுக்க ஆரம்பிக்கறதே நாலே முக்காலுக்கு மேல தான், அப்ப முழுசா ரெண்டரை மணி நேரம் இருட்டுல கிடைக்குது. லண்டன்ல இருக்கறவனுக்கு அது எழும்பறப்பவே வானம் வெளுக்க ஆரம்பிச்சிடும், அவன் எழுதற லிஸ்ட்ல இது கடைசில வர்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. இன்னும் தெக்க போனா இன்னும் நல்லாவே இருக்கும், ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு நம்மள விட யோகம். பெர்சீட்ஸ் கதை தலைகீழ், அது வான நடுக்கோட்டுக்கு 58 டிகிரி வடக்க இருந்து வர்றது, நமக்கு ராத்திரி 11 மணிக்கு வடகிழக்குல எழும்பி வெளுக்க ஆரம்பிக்கறப்ப தான் 40 டிகிரிய தொடும்.

இப்ப அந்த மணிக்கு 100 கணக்கு. அது ஒரு அளவுகோல், அவ்ளோ தான். வானம் சுத்த இருட்டா இருந்து, எரிநட்சத்திரம் கிளம்பற இடம் நேர் உச்சந்தலைக்கு மேல இருந்தா ஒருத்தர் எத்தன பாப்பாருன்னு போடற கணக்கு. பெர்சீட்ஸுக்கு 100, சதயத்து மழைக்கு 50 வாக்குல. அந்த இடம் 30 டிகிரி உயரத்துல இருந்தாலே பாதி போச்சு, லேசா வெளிச்சம் கலந்த வானம்னா அதுலயும் பாதி போகும். நீங்க அம்மாப்பேட்டை மாடில படுத்தா மணிக்கு மூணு நாலு, ஏற்காட்டுல நல்ல இருட்டான இடம்னா மணிக்கு பத்துல இருந்து இருபது, இதுக்கு மேல யாராவது உறுதி சொன்னா நம்பாதீங்க. பசங்க கிட்டயும் இத மொதல்லயே சொல்லிடுங்க, வாணவேடிக்கைய நெனச்சுட்டு வந்தா பத்து நிமிஷத்துல ஃபோன் கேப்பாங்க.

எண்ணிக்கை கம்மி தான், ஆனா ஒவ்வொண்ணும் அழகு. இந்த தூசி வர்ற வேகம் செகண்டுக்கு 66 கிலோமீட்டர். சேலத்துல இருந்து ஏற்காடு ரோட்டுல 30 கிலோமீட்டர், நாம கியர் மாத்தி மாத்தி முக்கா மணி நேரத்துக்கு மேல ஏறற தூரத்த அது அரை செகண்டுல முடிச்சிடும். மணல் பருக்கை அளவு தான் இருக்கும், சிலது அதையும் விட பொடி, அந்த வேகத்துல 100 கிலோமீட்டர் உயரத்துல காத்துல மோதி ஆவியாகுது, நாம பாக்கற வெளிச்சம் அந்த ஆவியும் சூடான காத்தும் ஒளிர்றது தான். வேகம் அதிகம்ங்கறதால கோடு போட்டு முடிஞ்சதுக்கு அப்பறமும் ஒண்ணு ரெண்டு செகண்ட் அந்த தடம் புகை மாதிரி அப்படியே நிக்கும். ரெண்டரை மணி வாக்குல, அந்த இடம் கிழக்குல தாழ இருக்கறப்ப ஒண்ணு ரெண்டு தான் வரும், ஆனா வந்துச்சுன்னா வானத்தோட இந்த பக்கம் இருந்து அந்த பக்கம் வரைக்கும் நிதானமா கோடு இழுத்துட்டு போகும், காத்து மண்டலத்த உரசிட்டு சாய்வா போறதால அப்படி. அது ஒண்ணு கிடைச்சா போதும், வந்த பெட்ரோல் காசு வசூல்.

இன்னொரு கணக்கு சொன்னா பசங்களுக்கு பிடிக்கும். கிழக்குல 30 டிகிரி உயரத்துல ஒரு எரிநட்சத்திரம் பாக்கறீங்கன்னா அது உங்க தலைக்கு மேல எரியல, 170 கிலோமீட்டர் தள்ளி, ஏறக்குறைய பாண்டிச்சேரிக்கு மேல எரியுது. அங்க மாடில படுத்திருக்கறவனும் அதே கல்ல தான் பாக்கறான், அவனுக்கு அது உச்சந்தலைல.

ஏன் விடியக்காலைலயே பாக்கணும்னு கேட்டா, மழை விட்ட சாயங்காலம் பைக் ஓட்டறப்ப ஈசல் எல்லாம் மூஞ்சில தான அடிக்கும், முதுகுல அடிக்காதே, அதே தான். பூமி போற திசைல முன்பக்கம் இருக்கறது விடியக்காலைய பாத்துட்டு இருக்கற பக்கம். எல்லாம் ஒரே இடத்துல இருந்து வர்ற மாதிரி தெரியறதுக்கும் அதே பைக்கு தான் உதாரணம், ராத்திரி தூறல்ல ஹெட்லைட் வெளிச்சத்துல பாருங்க, துளி எல்லாம் இணையா தான் வருது, ஆனா முன்னாடி ஒரே புள்ளில இருந்து விரிஞ்சு வர்ற மாதிரி இருக்கும்.

எங்க போறதுங்கற கேள்விக்கு வருவோம். லேடீஸ் சீட் சேலத்த பாத்த மாதிரி இருக்கு, ராத்திரி ஊரு பூரா வைரம் கொட்டி வச்ச மாதிரி மின்னும், அதுக்காகவே போலாம், ஆனா எரிநட்சத்திரம் பாக்க அத விட மோசமான இடம் மலைல இல்ல. ஸ்டீல் பிளாண்ட்ல இருந்து அயோத்தியாப்பட்டணம் வரைக்கும் உள்ள வெளிச்சம் அத்தனையும் உங்க கண்ணுக்கு நேரா இருக்கும். பகோடா பாயிண்ட் கிழக்கு பக்கம், திசை சரி தான், ஆனா இந்த மாதிரி இடங்கள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தைங்களோட நிக்க முடியாது, விடவும் மாட்டாங்க. ரோட்டோரம் வண்டிய நிறுத்தி பாக்கலாம்ங்கற யோசனையும் வேண்டாம், வளைவுல ராத்திரி இறங்கற லாரிக்காரனுக்கு நீங்க நிக்கறது தெரியாது, காட்டெருமை வேற நடமாடும், அது பைக்க பாத்தா ஒதுங்கும்னு நம்பி இருக்காதீங்க.

நான் சொல்ற இடம் காபி களம். நாகலூர், கொட்டச்சேடு பக்கம் எஸ்டேட்டுக்குள்ள தங்கற மாதிரி வீடுங்க நெறய இருக்கு, அதுல களம் இருக்கற வீடான்னு கேட்டு எடுங்க. காபி பழம் காய வைக்கறதுக்குன்னு சிமெண்ட் போட்ட பெரிய தளம், சீசன் முடிஞ்சு மே மாசத்துல காலியா கிடக்கும். பகல் பூரா வாங்கின சூடு ராத்திரி கொஞ்சம் மிச்சம் இருக்கும், பாய் விரிச்சு படுத்தா முதுகுக்கு இதமா இருக்கும். முக்கியமா, களம் வெயில் படணும்னே மரம் இல்லாம திறந்து வச்சிருப்பாங்க, மத்த இடம் எல்லாம் சில்வர் ஓக் மரம் வானத்த மறைச்சிடும். சேலம் தெக்க இருக்கறதால, கிழக்க பாத்து படுத்தா அந்த வெளிச்சம் வலது கை பக்கம் ஒதுங்கிடும், கண்ணுக்கு நேரா வராது. வீட்டுக்காரர் கிட்ட வாசல் லைட்ட அணைக்க சொல்லுங்க, சிலர் காட்டெருமைக்கு பயந்து விடிய விடிய எரிய விடுவாங்க, அது நியாயம் தான், ரெண்டு மணி நேரம் மட்டும்னு கேட்டா அணைப்பாங்க. செடிக்குள்ள மட்டும் டார்ச் இல்லாம இறங்காதீங்க, பாம்பு இருக்கும்.

மே மாசம் சாயங்காலம் கோடை மழை வருமேன்னு தோணும். வரும், ஆனா பெரும்பாலும் நடுராத்திரிக்குள்ள கொட்டி தீத்துட்டு போயிடும், அதுக்கப்பறம் தூசி எல்லாம் கழுவி விட்ட வானம் இருக்கே, அத விட தெளிவு வேற எப்பவும் கிடைக்காது.

படுக்கறப்ப கால் கிழக்க பாத்து இருக்கட்டும். கிளம்பற இடத்தையே மொறச்சு பாக்காதீங்க, அங்க எல்லாம் குட்டை குட்டையா தான் தெரியும், அதுக்கு மேல, பாதி வானத்த பாத்த மாதிரி சும்மா கண்ண விடுங்க. அடையாளம் வேணும்னா கிழக்குல தாழ பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து கட்டிலோட நாலு கால் மாதிரி நிக்கும், சதயம் அதுக்கு வலது பக்கம். பைனாகுலர் வேண்டாம்னு சொன்னது இதனால தான், வானத்துல எந்த மூலைல வரும்னு தெரியாது, பைனாகுலர் காட்டறது ஒரு காசு அளவு இடம். கண்ணு இருட்டுக்கு பழக 20ல இருந்து 30 நிமிஷம் ஆகும், நடுவுல ஒரு தடவ வாட்ஸப் பாத்தா மறுபடியும் மொதல்ல இருந்து. டார்ச்சுக்கு செவப்பு கண்ணாடி பேப்பர ரெண்டு மடிப்பா கட்டிக்கோங்க. எதுவும் விழாத நேரத்துல தெக்க பாருங்க, தேள் முழுசா கொடுக்கோட தெரியும், கேட்டை செவப்பா மின்னும், அதுக்கு இடது பக்கமா பால்வீதி, சேலத்துல பொறந்து வளந்து நாப்பது வயசு வரைக்கும் அத பாக்காதவங்கள எனக்கு தெரியும். மெதுவா, கண் சிமிட்டாம ரெண்டு மூணு நிமிஷம் நகர்ந்து போறது சாட்டிலைட், கலர் கலரா மினுக்கறது பிளைட்டு. போட்டோ எடுக்கணும்னா கேமராவ ஸ்டாண்டுல போட்டு, வைடு லென்ஸ், ஐஎஸ்ஓ 1600 இல்ல 3200, இருபது இருபது செகண்டா தானா எடுக்க விட்டுட்டு நீங்க கண்ணால பாருங்க.

எங்க அம்மாயி ஒண்ணு சொல்லுவாங்க, நட்சத்திரம் விழறத பாத்தா உடனே ஒரு பூ பேரு சொல்லணும், இல்லன்னா மறதி வந்துடும்னு. 2024 மே 5 விடியக்காலைல நானும் என் பொண்ணும் கொட்டச்சேடு பக்கம் ஒரு களத்துல படுத்து, மூணு மணில இருந்து நாலே முக்கா வரைக்கும் 23 எண்ணினோம். மல்லி, முல்லை, சாமந்தி, செண்டுமல்லின்னு ஆரம்பிச்சு பதினாலு வரைக்கும் சமாளிச்சா, அப்பறம் வாழைப்பூ, முருங்கைப்பூ, கடைசில காலிபிளவர்.

நிலா இல்லாத வருஷமா பாத்து போறது தான் பாதி வெற்றி. 2026 மே மாசம் பௌர்ணமி 1ஆம் தேதி, 6ஆம் தேதி விடியக்காலைலயும் முக்காவாசிக்கு மேல நிலா இருக்கும், அது உதவாது. 2027 மே 6 வியாழக்கிழமை சித்திரை அமாவாசை, பசங்களுக்கு லீவு, இத விட நல்லா அமையறது கஷ்டம். அந்த வாரத்துல வார நாளா பாத்து ரூம் எடுங்க, கோடை விழா நேரத்து கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வாடகையும் கொஞ்சம் கம்மியா கிடைக்கும். மலை ஏற முடியலன்னா வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் சொந்தக்காரங்க தோட்டம் இருந்தா கயித்துக்கட்டில் போட்டு படுங்க, கத்திரி ராத்திரில எப்படியும் வெளிய தான தூங்குவோம், மூணு மணிக்கு அலாரம் மட்டும் வச்சா போதும்.

அதுவரைக்கும் பொறுக்க முடியாதுன்னா டிசம்பர் 13, 14 இருக்கு, ஜெமினிட்ஸ். வருஷத்துலயே எண்ணிக்கை அதிகம் அதுல தான், புனர்பூசம் பக்கத்துல இருந்து வரும், ராத்திரி எட்டு ஒம்போது மணில இருந்தே பாக்கலாம், பசங்கள எழுப்ப வேண்டியதில்ல. 2026ல நிலாவும் பத்து மணி வாக்குல மறைஞ்சிடும். குளிரு தான் கொல்லும், கம்பளி, குல்லா எல்லாம் எடுத்துக்கோங்க, பனி இறங்கினா ஏற்காட்ட விட கீழ தோட்டமே மேல்.

இவ்ளோ சொன்னாலும் நீங்க ஆகஸ்ட் 12 ஆசைய விட மாட்டீங்கன்னு தெரியுது. அன்னிக்கு ஆடி அமாவாசை, நிலாவே கிடையாது, ஸ்பெயின் பக்கம் முழு சூரிய கிரகணம் வேற, நமக்கு அது தெரியாது, ஆனா அதே அமாவாசை இருட்டு நமக்கும் கிடைக்குது, அந்த வகைல வருஷம் நல்ல வருஷம் தான், மேகம் மட்டும் மனசு வச்சா 13ஆம் தேதி விடியக்காலை மூணு நாலரைக்குள்ள நல்லாவே தெரியும். கிழக்க பாத்து நின்னா கார்த்திகைக்கு இடது பக்கம், வடகிழக்கு வானம். அதனால இப்படி பண்ணுங்க. முன்கூட்டி எதுவும் புக் பண்ணாம, அன்னிக்கு மத்தியானம் வானிலை துறை வெப்சைட்ல இன்சாட் சாட்டிலைட் எடுத்த மேகப் படத்த ஒரு தடவ பாருங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்க மொட்டை மாடில ஏறி வடக்க பாருங்க. சேர்வராயன் மலை விளிம்பு முழுசா கோடு போட்ட மாதிரி தெரிஞ்சா வண்டிய எடுங்க, இருட்டறதுக்குள்ள மேல போயிடலாம். தலைல துண்டு கட்டின மாதிரி மேகம் உக்காந்திருந்தா பேசாம இறங்கி வந்து படுத்துடுங்க, மறுநாள் வியாழக்கிழமை, பசங்களுக்கு ஸ்கூல் இருக்கு.